ஐரோப்பா என் அக்காவைப் பிடித்து வைத்திருக்கிறது

1

அம்மாவின் திவசம் எங்கள் குடும்பத்தில் இரண்டு நாள் நடக்கும். இங்கே கோயில் ஐயர் சிட்னி நேரத்துக்குத் திதி பார்த்துச் சொல்வார். அக்கா இருப்பது இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவில், பலெர்மோ என்ற நகரத்தில். அவருக்கு ஜெர்மனியில் அச்சடித்து வரும் தமிழ்க் கலண்டர்தான் பஞ்சாங்கம். பல வருடங்களில் ஒரு நாள் பிசகிவிடும். அவர் புதன்கிழமை படைத்தால் நான் வியாழக்கிழமை படைப்பேன். "அம்மாவுக்கு நல்லதுதானே, ரெண்டு நாள் வடிவாச் சாப்பிடட்டும்" என்பார் அக்கா.

இந்த வருடமும் அப்படித்தான். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மனைவி சுகந்தியோடு சேர்ந்து வாழைக்காயும் பூசணிக்காயும் சமைத்துப் பின்வளவில் காகத்துக்கு வைத்தேன். எங்கள் வளவுக்கு வருவது உண்மையில் காகம் இல்லை, மக்பை என்கிற கறுப்பும் வெள்ளையுமான ஒரு சண்டைக்காரப் பறவை. இருபத்தைந்து வருடமாக அதைத்தான் காகம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் மறுப்புச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறது.

மாலையில் ஸ்கைப்பில் அக்கா வந்தார். அங்கே காலை ஒன்பது மணி. என்ன கறி வைத்தேன், வடை பொங்கியதா, ஐயருக்கு வேட்டி கொடுத்தேனா என்று வரிசையாக விசாரித்தார். நான் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிவிட்டு, "அடுத்த வருசம் ரெண்டு பேரும் ஒரே நாளிலை படைக்கலாம் அக்கா" என்றேன். அக்கா சிரித்தார். பிறகு சுகந்தியின் முழங்கால் எப்படி என்று கேட்டார்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். 2009-ல் இருந்து எனக்கு ஒரே ஆசைதான். அக்காவை சிட்னிக்குக் கூப்பிட்டு என் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்க வேண்டும். விசாவுக்குப் போட்டு, வரிசையில் நின்று, எங்கள் முறையும் வந்துவிட்டது. அவர் வருவாரா மாட்டாரா என்பதுதான் மிச்சம். நடுவில் ஐரோப்பிய ஒன்றியம் வந்து குறுக்கே நிற்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

2

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கலியாணமாகாத மூத்த பெண்பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், சொந்தக்காரர் எல்லாருக்கும் அவள் பொது. கண்டியில் சித்திக்குப் பிள்ளைப்பேறு என்றால் தந்தி வரும். கொழும்பில் மாமாவுக்கு ஒப்பரேஷன் என்றால் ஆள் வரும். "பிள்ளையை ஒரு மாதத்துக்கு அனுப்பிவிடுங்கோ." அந்தப் பிள்ளை எங்கள் அக்கா. முப்பது வயதிலும் பிள்ளைதான். அம்மா ஓம் என்று சொல்லி முடிப்பதற்குள் அக்கா அலுமாரிக்குப் பின்னால் இருந்து பச்சைச் சூட்கேசை இழுத்துவிடுவார். ஒரு மாதம் என்று போனால் நான்கு மாதம் நிற்பார். கொழும்பில் மாமா வீட்டில் ஒன்றரை வருடம் நின்று சிங்களமும் பழகிக்கொண்டு வந்தார்.

எங்கள் ஊரான கொக்குவில் ஸ்ரேசனுக்குச் சூட்கேசைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவது என் வேலை. அக்காவுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். ரெயில் வெளிக்கிடும்வரை யன்னலுக்குள்ளால் கையை நீட்டி என் சட்டைக் கொலரைச் சரிபண்ணிக்கொண்டே இருப்பார். "வெயிலுக்கை நிக்காதை. போட்டு வாறன்." இன்றைக்கும் இங்கே சிட்னியில் பென்டில் ஹில் ஸ்ரேசனில் காலை ரெயிலுக்கு நிற்கும்போது என் கை தானாகக் கொலருக்குப் போகும். சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் போகும்.

1988-ல் நான் சிட்னிக்கு வந்துவிட்டேன். அய்யாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்தது அக்கா. இருவரும் போன பிறகு, பலெர்மோவில் இருந்த ஒன்றுவிட்ட தங்கச்சிக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது என்று அழைப்பு வந்தது. பச்சைச் சூட்கேஸ் இத்தாலிக்குப் போனது. பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போனதும் அந்தக் குடும்பம் இங்கிலாந்துக்கு மாறிப் போய்விட்டது. அக்கா அங்கேயே நின்றுவிட்டார். ஒரு பணக்காரக் கிழவி வீட்டில், வீட்டோடு இருந்து பார்க்கும் வேலை. எனக்கு அதைக் கேட்கவே வயிறு எரியும்.

அதனால்தான் விசாவுக்குப் போட்டேன். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'மிஞ்சிய உறவினர்' விசா. நேற்றைய குழம்பு மிஞ்சினது மாதிரி. அக்காவுக்கு உலகத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, வேறு சகோதரம் இல்லை, பெற்றார் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சத்தியக் கடதாசி. சமாதான நீதவான் ஒருவர் முன்னால் வலது கையால் ஒப்பம் வைத்தேன். என் அக்காவுக்கு ஒருவரும் இல்லை என்று நானே சத்தியம் செய்துகொண்டிருந்தேன்.

விண்ணப்பத்தில் அக்கா ஒப்பம் வைக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டு அனுப்பினேன். அவரும் புள்ளடி போட்ட இடங்களிலெல்லாம் ஒப்பம் வைத்துத் திருப்பி அனுப்பினார்.

3

விசா வரிசையில் நாங்கள் நின்றுகொண்டிருந்த காலத்தில் அக்காவின் வாழ்க்கையில் ஒரு காரியம் நடந்தது. அவர் பார்த்த கிழவி இறந்துபோனார். வேலை இல்லாமல் இருந்த நாட்களில், தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்க்கவென்று ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் வந்திருக்கிறார். அங்கே ஒரு தாதி, "இதையே தொழிலாகச் செய்யலாமே, அதற்கென்று படிப்பு இருக்கிறது" என்று சொல்லி ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரியில், அரசாங்கக் கந்தோர்களில், வெளிநாட்டுச் சனத்துக்கும் இத்தாலியருக்கும் நடுவில் நின்று கதைக்கும் வேலை. பாசையை மாற்றுவது மட்டுமில்லை, பழக்கவழக்கத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவள் ஏன் தலை முழுகமாட்டேன் என்கிறாள், டொக்டர் ஏன் உடனே எழுந்து நடக்கச் சொல்கிறார் என்று இரண்டு பக்கத்துக்கும் விளங்கப்படுத்த வேண்டும்.

வகுப்பை நடத்தியது ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி. படித்து முடிய, பழைய நகரத்தில் ஒரு கிளினிக்கில் அதே நிதியில் வேலையும் கொடுத்துவிட்டார்கள். அக்கா எனக்கு அனுப்பிய முதல் படத்தில் அவரைக் காணோம். கிளினிக் வாசலில் ஒரு பலகை. நீல நிறத்தில் மஞ்சள் நட்சத்திரங்கள் வட்டமாக. கீழே இத்தாலியனில் நாலைந்து வரி.

நான் சில்வர்வாட்டரில் வீதிப் பலகைகள் செய்யும் ஒரு கம்பனியில் வேலை செய்கிறேன். கணினியில் பலகைக்கு எழுத்துப் போடுவது என் பிழைப்பு. உலகப் பொருளாதாரம் விழுந்த நேரம் இங்கே அரசாங்கம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மண்டபம் கட்டியபோது, மண்டபத்துக்கு முன்னால் நட்ட பலகைகளில் எத்தனையோ என் கையால் போனவை. எந்த நாட்டு அரசாங்கமாக இருந்தாலும் அத்திவாரத்துக்கு முதல் பலகை நட்டுவிடும். அதனால் அக்காவின் படத்தைப் பார்த்ததும் தொழில் புத்திதான் முன்னுக்கு வந்தது. "எழுத்து கரையோடை முட்டுது அக்கா. அளவு பிழை" என்றேன். அக்கா, "நீ பலகையை மட்டும்தான் பாப்பாய்" என்றார்.

என் மகள் ஆரணி அப்போது பதினோராம் வகுப்பு. பொருளியல் பாடம் எடுத்திருந்தாள். அக்கா அவளுக்கு மாமி. ஒரு இரவுச் சாப்பாட்டின்போது, "ஐரோப்பாக்காரனுக்கு மாமியிலை என்ன அக்கறை?" என்று நான் பொதுவாகக் கேட்க, அவள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் பாடம் எடுக்கத் தொடங்கினாள். அங்கே பணக்காரப் பிரதேசம், பின்தங்கிய பிரதேசம் என்று பிரித்து வைத்திருக்கிறார்களாம். எல்லா நாடும் போட்ட பொதுப் பணத்தில் பெரிய பங்கு பின்தங்கிய பக்கத்துக்கு. வளர்ச்சி, வேலை, சமூகம் உடையாமல் சேர்ந்து இருப்பது, இந்த மூன்றும்தான் நோக்கம். ஏழு வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பங்கு பிரிப்பார்கள். சிசிலி பின்தங்கிய பட்டியலில் முன்னுக்கு நிற்கிறது.

"ஸோ பீப்பிள் டோன்ட் ஹாவ் டு லீவ்" என்றாள் முடிவாக. பிழைப்புக்காக ஒருவரும் தன் இடத்தை விட்டுப் போக வேண்டி வரக்கூடாது.

நானும் சுகந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தன் இடத்தை விட்டு வந்த இரண்டு பேருக்கு முன்னால் பிள்ளை அதைச் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தயிரை எடுத்து ஊற்றினாள்.

பக்கத்து வீட்டு சால் கிழவர் சிசிலிக்காரர். சின்ன வயதில் கப்பலில் வந்து, கொங்கிறீட் போட்டு, வீடு கட்டி, இப்போது தக்காளி வளர்க்கிறார். வேலியால் நீலப் பலகைக் கதையைச் சொன்னேன். நெடுநேரம் தக்காளிக் கொடியைக் கட்டிக்கொண்டு நின்றார். "என் ஊரில் அந்தக் காலத்தில் யாராவது ஒரு பலகை நட்டிருந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்?" என்றார் தன் ஆங்கிலத்தில். பிறகு, "உன் அக்கா சரியான விசரி. நாங்கள் எல்லாரும் ஓடி வந்த இடத்துக்குப் போயிருக்கிறாள்" என்று சிரித்தார். பைத்தியக்காரிக்கு நாங்கள் சொல்லும் விசரி என்ற சொல்லை நான்தான் அவருக்குப் பழக்கியிருந்தேன்.

4

விசா வரிசை நகர்கிறது என்று தெரிந்ததும் பின்வளவில் கிரானி பிளாட் கட்டத் தொடங்கினேன். பிரதான வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு, மேற்கு சிட்னியில் இப்போது வளவு வளவாகக் கட்டுகிறார்கள். ஒரு அறை, ஒரு குளியலறை, தனிக் குசினி. அக்கா வெள்ளிக்கிழமை சைவம், எங்கள் வீட்டு மீன் சட்டி அவருக்குத் தொந்தரவு தரக்கூடாது. கதவு கிழக்கே பார்த்தது. கவுன்சில்காரர் வடிகாலை மாற்றச் சொன்னபோது மாற்றினேன், கதவை மாற்றச் சொன்னபோது மட்டும் சண்டை பிடித்தேன். குசினித் தட்டின் உயரத்தை என் ஞாபகத்தில் இருந்த அக்காவின் உயரத்துக்குப் போட்டேன்.

ஸ்கைப்பில் கமராவைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினேன். "நல்லா இருக்கு தம்பி. வடிவா இருக்கு" என்றார். பின்னால் கிளினிக்கில் யாரோ பெண்கள் கூப்பிட்டார்கள். அக்கா, அக்கா என்று இரண்டு மூன்று குரல். தமிழ்ப் பெண்கள் என்று நினைத்தேன்.

"சிங்களப் பிள்ளையளும் நிக்கினம். அவைக்கும் நான் அக்காதான்" என்றார். "ஒரே நீள வாங்கிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்து என்ரை முறை, உன்ரை முறை எண்டு பிடுங்குப்படுவினம். பிறகு பிள்ளையை ஆள் மாறித் தூக்கி வைச்சிருப்பினம்."

நான் சிட்னியின் பெருமைகளைச் சொன்னேன். கோயில் இருக்கிறது, முருங்கைக்காய் கிடைக்கிறது, நடந்து போகிற தூரத்தில் தமிழ்க் கடை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கை கப்பலிலை வந்த எங்கடை ஆக்களை அடைச்சு வைச்சிருக்கினமாமே?" என்றார். வில்லாவுட் தடுப்பு முகாம் எங்கள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரம்தான். நான் கதையை மாற்றினேன்.

2013 தொடங்கும்போது அக்கா ஒரு செய்தி சொன்னார். அந்த ஏழு வருடப் பங்கு இந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த பங்கில் கிளினிக் வேலை தொடருமா என்று தெரியாது. புதுப் பணம் வந்தாலும் புதிதாகத் திட்டம் எழுதி, போட்டி போட்டு, அதற்கு எவ்வளவு காலமோ.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றிலிருந்து, ஒன்றியம் கூடுகிற பிரசல்ஸ் நகரத்துச் செய்தி எதையும் விடவில்லை. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஐரோப்பிய பட்ஜெட் பேச்சுவார்த்தை பார்த்தேன். வடக்குப் பணக்கார நாடுகள் வெட்ட வேண்டும் என்றால் எனக்குள் ஒரு கைதட்டல். தெற்கு நாடுகள் கொடு என்று கேட்டால் எரிச்சல். ஒரு பிரதமர் கோபித்துக்கொண்டு பேச்சுவார்த்தையை விட்டு எழும்பினால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள். சுகந்திக்கு இது பிடிக்கவில்லை.

"ஆற்றையோ பிழைப்பிலை மண் விழவேணும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியள். அது உங்கடை அக்கான்ரை பிழைப்பு."

"அவவின்ரை நன்மைக்குத்தான்" என்றேன்.

"மச்சாளுக்கு ஏழரைச் சனி நீங்கள்தான் போலை" என்றாள். சனி பகவானுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அரை வருடம்தான் வித்தியாசம் என்று நான் பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

வருடத்தின் நடுவில் குடிவரவுத் திணைக்களத்தில் இருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் முறை. மருத்துவச் சோதனையும் பொலிஸ் சான்றிதழும் அனுப்பச் சொல்லியிருந்தது. ஹோம்புஷ் கடையில் லட்டு வாங்கிக் கம்பனியில் எல்லோருக்கும் கொடுத்தேன். அக்காவுக்குச் சொன்னபோது, "ஓம் தம்பி. பாப்பம்" என்றார்.

"பாப்பம் எண்டவவோ?" என்று சுகந்தி கேட்டாள். "என்ன பாப்பம்?"

"டொக்டரிட்டைப் போற நாளைப் பாப்பம் எண்டு" என்றேன். சுகந்தி லட்டுப் பெட்டியை மூடி வைத்தாள்.

5

ஆரணி பள்ளிக்கூடத்தில் இத்தாலியன் படிக்கிறாள். இங்கே பல பள்ளிக்கூடங்களில் அது ஒரு பாடம். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமைகளில் எட்டு வருடம் கூட்டிக்கொண்டு போனேன். அ, ஆ தெரியும், எனக்குக் கோபம் வந்தால் தமிழ் விளங்கும். பேசு என்றால் ஆங்கிலம்தான். ஆனால் மாமியோடு இத்தாலியனில் மணிக்கணக்காகக் கதைப்பாள். பரீட்சைக்குப் பேச்சுப் பயிற்சி என்று தொடங்கியது. பிறகு பரீட்சை ஒரு சாட்டாகிவிட்டது.

சனிக்கிழமை பின்னேரங்களில் என் வீட்டு விறாந்தையில் என் அக்காவும் என் மகளும் எனக்குத் தெரியாத பாசையில் சிரிப்பார்கள். நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு பக்கத்தில் இருந்து, 'சி, சி' என்பது ஓம் ஓம் என்பது மட்டும் விளங்கி, அவர்கள் சிரித்தால் சிரிப்பேன். அக்கா இத்தாலியனில் கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறார். தமிழில் அவர் கை மடியில் இருக்கும். ஆரணியோடு கதைக்கும்போது அவரைப் பார்த்தால் எனக்குத் தெரிந்த அக்காவின் தங்கச்சி மாதிரி இருப்பார். பொறாமையாக இருந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

திவசம் முடிந்த அடுத்த சனிக்கிழமை ஆரணிக்குக் கார் ஓட்டப் பழக்கக் கூட்டிக்கொண்டு போனேன். இங்கே லைசன்ஸ் எடுக்கப் பெற்றாரைப் பக்கத்தில் வைத்து மணிக்கணக்கில் ஓடிக் காட்ட வேண்டும். பிள்ளை நம்மோடு தனியாக இருக்கும் கடைசிக் காலம் அதுதான் என்று பெற்றோருக்குள் பேசிக்கொள்வோம். பெருவீதியில் ஏறியதும், கண்ணாடியைப் பார், இடைவெளி விடு என்று நான் வழக்கம்போலத் தொடங்கினேன்.

"அப்பா, டோன்ட் கெட் மேட். ஓகே?"

"என்ன, இடிச்சுப்போட்டியோ?"

"மாமிக்கு இங்கை வர விருப்பமில்லை." இதை முழுக்கத் தமிழில் சொன்னாள். அவளாகத் தயார்செய்து வைத்த வசனம் என்று கேட்கவே தெரிந்தது.

"ஆர் சொன்னது?"

"மாமிதான். போன வருசம்."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் கார் எழுபதில் ஓடிக்கொண்டிருந்தது, ஓட்டுவது பழகுகிற பிள்ளை. "சிவப்பு விழுது, நிப்பாட்டு" என்றேன். நிறுத்தினாள். பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் அந்தச் சிவப்பு விளக்கிலும் அடுத்த சிவப்பு விளக்கிலுமாகச் சொல்லி முடித்தாள்.

பயிற்சி வகுப்பில் சேர்ந்த முதல் நாள் ஒரு பெண் அக்காவை இருத்திக் கேட்டிருக்கிறாள், "உங்களுக்கு என்ன செய்ய விருப்பம்?" அந்த நிதியின் விதிப்படி ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்டுப் பதிய வேண்டுமாம். அக்கா, "எங்கே ஆள் தேவையோ அங்கே அனுப்புங்கள்" என்று சொல்லியிருக்கிறார். "அது எங்களுக்குத் தேவையானது. உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று அந்தப் பெண் மறுபடியும் கேட்டிருக்கிறாள். அக்காவுக்குப் பதில் வரவில்லை. ஐம்பது வயது கடந்த மனுஷி, கேள்வி விளங்குகிறது, பாசையும் தெரிகிறது, பதில் இல்லை. வீட்டுக்குப் போய் யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு கிழமை கழித்துப் போய், "மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு இன்னொருவருக்குச் சொல்ல விருப்பம்" என்று சொன்னாராம்.

"அதுக்கு முதல் ஒருத்தரும் கேக்கேல்லையாம் அப்பா. நோ ஒன். எவர்."

"நாங்கள் கேக்காமல்..." என்று தொடங்கினேன்.

"டிட் யு?" என்றாள் ஆரணி, வீதியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

விசாவுக்குப் போடுகிறேன் என்று அக்காவுக்குச் சொன்ன நாளைத் தேடிப் பார்த்தேன். அது ஞாபகம் இருக்கிறது. சந்தோஷமான செய்தி சொல்கிற மாதிரிச் சொன்னேன். கேட்டதாக ஞாபகம் இல்லை. எங்களில் யார்தான் கேட்பார்கள்? அக்கா தனியாக இருக்கிறார், நான் இருக்கிறேன், வந்து என்னோடு இருக்க வேண்டியதுதானே என்று உலகம் முழுக்க நினைக்கும். கண்டியில் இருந்து தந்தி அடித்த சித்தியும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

"பச்சை விழுந்திட்டுது, போ" என்றேன்.

6

ஞாயிற்றுக்கிழமை சுகந்தியையும் ஆரணியையும் வெளியே அனுப்பிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் தலை முழுகிவிட்டுத் துவாயால் துடைத்துக்கொண்டு வந்து இருந்தார். பின்னால் யாரும் இல்லை. திருநீறு நெற்றியில் இன்னும் ஈரமாக இருந்தது.

கேட்பது இலேசான வேலை இல்லை. அரை மணி நேரம் சுற்றி வளைத்தேன். சாலின் தக்காளி, சுகந்தியின் முழங்கால், இங்கே மழை என்று எல்லாம் வந்தது. கடைசியில்தான் வாய் வந்தது.

"அக்கா, உங்களுக்கு என்ன விருப்பம்?"

துவாய் நின்றது. ஆரணி சொல்லிவிட்டாள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. கோபப்படவில்லை.

"உன்னட்டைச் சொல்லப் பயமா இருந்தது தம்பி. நீ குசினித்தட்டுக்கு உயரம் பாத்துக்கொண்டு இருந்தனி."

"கிளினிக் வேலை முடியப்போகுது. பிறகு என்ன செய்வியள்?"

"ஒரு மனுசி கேட்டவ, கிழமையிலை மூண்டு நாள் தன்ரை தாயைப் பாக்க வரச்சொல்லி. அதுக்குப் போவன். மிச்ச நாள் கிளினிக் வாங்கிலை போய் இருப்பன். பலகையைக் கழட்டினாலும் வருத்தக்காரச் சனம் வரத்தானே போகுது."

"சம்பளம் இல்லாமலோ?"

"புதுப் பணம் வந்தாத் திரும்ப எடுப்பினமாம். வராட்டிலும் எனக்கு அங்கை ஒரு இடம் இருக்கு. நான் போகாத நாள் 'அக்கா எங்கை' எண்டு கேக்கிறாங்கள். ஒருத்தற்றை வீட்டிலையும் நான் இல்லாத நாள் அப்பிடிக் கேட்டதில்லை. நான் இல்லாத நாள் இன்னொரு வீட்டிலை நிப்பன் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு எதிரே இருந்தவர் யாருக்கும் மிஞ்சிய ஆள் இல்லை. அதைச் சத்தியக் கடதாசியில் நான் பிழையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

"நீ கேட்டபடியாச் சொல்லுறன்" என்றார் அக்கா. "எனக்கு ரெண்டும் விருப்பம். உன்னோடை இருக்கவும் விருப்பம். இஞ்சை இருக்கவும் விருப்பம். ஒண்டைத்தான் எடுக்கலாம் எண்டா, இதை எடுக்கிறன் தம்பி. கோவிக்காதை."

"கோவம் இல்லை அக்கா."

"பொய் சொல்லாதை. மூக்கு சிவந்திருக்கு."

பிறகு இரண்டு பேரும் வேறு கதை கதைத்தோம். முடிக்கும்போது, "நீ ஒருக்கா வா. என்ரை வீட்டிலை வந்து நில்" என்றார். என் வீடு என்று அக்கா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாறன் என்றேன். போவேன்.

அடுத்த கிழமை விண்ணப்பத்தை வாபஸ் வாங்கக் கடிதம் அனுப்பினேன். சில நாள் கழித்துத் திணைக்களத்தில் இருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தாள். நல்ல பிள்ளை, இளம் குரல். இத்தனை வருடம் வரிசையில் நின்றுவிட்டு முறை வந்த பிறகு விலகுவது உறுதிதானா என்று இரண்டு தடவை கேட்டாள். திரும்பப் போட்டால் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்றாள். தெரியும் என்றேன். காரணம் கேட்டாள்.

"அவருக்கு அங்கே இருக்க விருப்பம்."

"உடல்நலமா? வேலையா? குடும்பக் காரணமா?"

"இல்லை. விருப்பம்."

தட்டச்சுச் சத்தம் நின்றது. "அப்படி ஒன்று இதில் இல்லை. வேறு காரணம் என்று போடட்டுமா?"

"எழுதுவதற்கு ஏதாவது இடம் இருந்தால் விருப்பம் என்றே எழுதிவிடுங்கள்" என்றேன். எழுதுகிறேன் என்றாள். எழுதியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். உங்களுக்கு வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று வழக்கப்படி கேட்டாள். இல்லை, நன்றி என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். இன்றுவரை என்னிடமும் ஒருவரும் 'உங்களுக்கு என்ன விருப்பம்' என்ற அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு கிழமை யோசித்திருக்க மாட்டேன். எனக்கு அக்கா வேண்டும்.